கரண்ட் விற்கிறவர் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்வாரா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் உங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர், 900 அடி போர், இரண்டு தடவை காயில் கட்டிய 7.5 எச்.பி. மோட்டார். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன், அங்கே கரண்ட் கம்பெனியே வீட்டுக்கு வந்து பழைய பிரிட்ஜை எடுத்துக்கொண்டு கையில் காசும் கொடுத்துவிட்டுப் போகிறது என்கிறார். "அப்படியானால் நம் ஈபி ஏன் நல்ல மோட்டார் தரக் கூடாது? விற்கிறவனே குறைத்து வாங்கு என்று சொன்னால் அதில் ஏதோ சூது இருக்காதா? மீட்டர் வைக்கத்தான் இந்தப் பேச்சா?" என்று முடித்திருக்கிறீர்கள். மேலுக்கு மோட்டார் பற்றிய கேள்விதான். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, நாம் மிச்சம் பிடிக்கும் ஒரு யூனிட்டின் லாபம் யார் பையில் போய் விழுகிறது, அது மிச்சமானது என்று யார் சாட்சி சொல்வது என்பதை என்று நினைக்கிறேன்.

நான் எரிசக்தித் தணிக்கை செய்பவன். பதினெட்டு வருடமாக ஓசூர் தொழிற்சாலைகளில் கம்பிரஸர், பாய்லர், கூலிங் டவர் என்று அளவெடுக்கிறேன். நடுநடுவே தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பம்ப்செட் கணக்கெடுப்பு வேலையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மோட்டார், தண்ணீர், ஆம்பியர் பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்குமுறை விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளை வேலைக்காகப் படித்துப் படித்துப் பழகியவன் மட்டுமே.

முதலில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு மின் கம்பெனி யூனிட் 8 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 ரூபாய் மின்சாரம் வாங்கும் செலவு, மீதி 3 ரூபாயில்தான் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், சம்பளம், வட்டி எல்லாம் ஓட வேண்டும். நீங்கள் ஒரு யூனிட் குறைத்தால் வாங்கும் செலவில் 5 ரூபாய் குறையும். ஆனால் உங்கள் தோட்டத்து வழியாகப் போகும் கம்பத்தின் செலவு குறையாது, லைன்மேன் சம்பளமும் குறையாது. ஆகக் கம்பெனிக்கு 3 ரூபாய் துண்டு விழுகிறது. இந்தக் கணக்கு இருக்கும் வரை எந்தக் கம்பெனியும் மனசாரச் சிக்கனம் பேசாது. பேசினாலும் சுவரொட்டியோடு நிறுத்திக்கொள்ளும்.

அமெரிக்காவில் நல்லெண்ணத்தால் இந்த முடிச்சு அவிழவில்லை, ஒழுங்குமுறை ஆணையங்கள் உட்கார்ந்து அவிழ்த்தன. கலிபோர்னியா 1982-இலேயே மின் கம்பெனியின் வருமானத்தையும் விற்ற யூனிட் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பிரித்தது. வருடத்துக்கு இவ்வளவு வருமானம் என்று ஆணையம் முதலிலேயே நிர்ணயிக்கும். விற்பனை குறைந்து துண்டு விழுந்தால் அடுத்த வருடக் கட்டணத்தில் சேர்ப்பார்கள், அதிகமாக வசூலானால் திருப்பிக் கொடுப்பார்கள். வெர்மான்ட் மாநிலம் வேறு வழி பிடித்தது. விற்கிறவனிடமே மிச்சம் பிடிக்கச் சொல்வானேன் என்று, 2000-இல் அந்த வேலைக்கென்றே தனி அமைப்பு வைத்துவிட்டார்கள். அண்ணன் பார்த்த பிரிட்ஜ் காசு எங்கே இருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் எல்லா நுகர்வோர் பில்லிலும் ஒரு சிறு தொகையாக ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கம்பெனி தன் பையில் இருந்து எடுத்துக் கொடுப்பது இல்லை.

அங்கேயும் தகராறு தீர்ந்துவிடவில்லை. 2007-இல் கலிபோர்னியா ஆணையம், சிக்கன இலக்கைத் தொட்டால் கம்பெனிக்குப் பரிசு, கீழே போனால் அபராதம் என்று ஒரு முறை கொண்டுவந்தது. கம்பெனிகள் காட்டிய மிச்சமும் மதிப்பீட்டாளர்கள் கண்ட மிச்சமும் ஒத்துப்போகவில்லை. ஓடிய யூனிட்டை மீட்டர் காட்டும். ஓடாத யூனிட்டைக் காட்ட மீட்டர் உலகத்தில் எங்கும் கிடையாது. "இந்தத் திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும்" என்ற கற்பனைக் கணக்கில் இருந்து கழித்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும். கற்பனைக் கணக்கை எழுதுகிறவரின் கையைப் பொறுத்து மிச்சம் ஏறும், இறங்கும். அப்புறம், காசு கொடுக்காவிட்டாலும் எப்படியும் பிரிட்ஜை மாற்றியிருப்பவர்களுக்கும் காசு போய்ச் சேர்கிறது. அவர்களைக் கணக்கில் இருந்து எப்படிக் கழிப்பது என்று நாற்பது வருடமாகச் சண்டை நடக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒழுங்குமுறை ஆணையங்களின் மன்றம் 2010-இல் தேவைப் பக்க மேலாண்மைக்கு, அதாவது உற்பத்தியைக் கூட்டாமல் உபயோகத்தைச் சீர்செய்வதற்கு, மாதிரி விதிமுறை வெளியிட்டது. நம் தமிழ்நாடு ஆணையமும் 2013-இல் அதற்கென விதிமுறை கொண்டுவந்தது. மின் வாரியம் தனிப் பிரிவு வைக்க வேண்டும், யார் எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று ஆய்வு செய்ய வேண்டும், திட்டம் போட்டு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும், ஆகும் நியாயமான செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் இந்த விதிமுறைகளின் சாரம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் முறையில் வருடக் கடைசியில் உண்மைக் கணக்கைப் பார்த்துத் துண்டைச் சரிசெய்யும் ஏற்பாடும் உண்டு என்பதால், கலிபோர்னியா 1982-இல் செய்த வேலையில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் துண்டு விழுந்தது என்று ஆணையம் ஒத்துக்கொள்வது வேறு, அந்தப் பணம் கைக்கு வருவது வேறு. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை இங்கே கட்டணமே உயரவில்லை. கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிய நிறுவனத்திடம் போய், இன்றைக்குச் செலவு செய்யுங்கள், ஐந்து வருடம் கழித்துக் கணக்கில் வரும் என்று சொன்னால் யார் கையெழுத்துப் போடுவார்?

வீட்டுக் கட்டணத்தில் மட்டும் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2022 ஆணைப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய், 501 ஓடினால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன, இந்தப் படிக்கட்டின் குணம் மாறவில்லை. 75 வாட் மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டுவது அந்தப் படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு நல்ல லாபம். இலவச 100 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. சிக்கனத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்காவிட்டாலும், கட்டணப் பட்டியலே ஒரு திட்டம்தான்.

இப்போது உங்கள் அப்பாவின் போர். விவசாயத்துக்கு வந்ததும் நான் மேலே சொன்ன 3 ரூபாய்க் கணக்கு அப்படியே தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மீட்டர் இல்லாத இணைப்புக்கு, ஒரு எச்.பி.க்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஆணையம் விலை வைக்கிறது, அதை உங்களுக்குப் பதில் அரசு கட்டுகிறது. அதாவது அந்த 7.5 எச்.பி. மோட்டார் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் மூன்று மணி நேரம் ஓடினாலும் ஈபிக்கு வரவு அதேதான். ஓடுவது குறைந்தால் வாங்கும் செலவு குறையும், வரவு குறையாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் ஈபிக்கு நஷ்டம், காரிமங்கலத்தில் ஒரு போர் மிச்சம் பிடித்தால் லாபம். ஆகவே, விற்கிறவன் குறைத்து வாங்கச் சொல்வானா என்ற உங்கள் கேள்விக்கு, உங்கள் விஷயத்தில் நேரான பதில்: சொல்வான், சொல்லத்தான் வேண்டும், அதில் சூது எதுவும் தேவையில்லை.

பிறகு ஏன் செய்யவில்லை? இதுவரை சொன்னது உறுதியானது. இனிமேல் வருவதில் பாதி என் அனுபவ ஊகம், அப்படியே படியுங்கள். மாநிலத்தில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள். இவை மொத்தம் எவ்வளவு குடிக்கின்றன என்பதே மதிப்பீடுதான். சில இடங்களில் அளந்து மீதிக்குப் பெருக்கிக்கொள்வார்கள். அந்த மதிப்பீடு கொஞ்சம் தாராளமாக இருந்தால், வழியில் கம்பியில் போன இழப்பு, கொக்கி போட்டு இழுத்தது எல்லாம் விவசாயி தலையில் ஏறி மறைந்துவிடும். நாடு முழுக்க இந்தக் குற்றச்சாட்டு உண்டு. இந்த நிலையில் ஒரு சிக்கனத் திட்டம் கொண்டுவந்தால் முதல் வேலையாக "இப்போது எவ்வளவு ஓடுகிறது" என்று ஒழுங்காக அளக்க வேண்டும். அளந்தால் வேறு பல விஷயங்களும் வெளிச்சத்துக்கு வரும். ஆர்வம் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க என்னால் ஆகாது.

பல்பு விஷயத்தில் ஏன் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2015-இல் எல்.ஈ.டி. பல்புகளுக்கான மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. முதலில், வீட்டுக்காரர் 10 ரூபாய் கட்டுவார், மீதியை, பல்பை வாங்கித் தந்த நிறுவனத்துக்கு மின் கம்பெனி மிச்சத்தில் இருந்து வருடக்கணக்கில் திருப்பித் தரும், ஆணையம் அதை ஒப்புக்கொள்ளும் என்றுதான் சில மாநிலங்களில் போட்டார்கள். பிறகு அந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம் என்று கவுண்டரில் வைத்து நேரடியாக விற்றார்கள். மொத்தமாக ஏலம் விட்டதில் 2014 தொடக்கத்தில் 310 ரூபாய் இருந்த பல்பின் கொள்முதல் விலை மூன்றே வருடத்தில் 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடி பல்புகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. ஒழுங்குமுறைச் சிக்கலை அவர்கள் தீர்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். பல்பு எல்லா வீட்டிலும் ஒரே ஹோல்டரில் மாட்டிக்கொள்ளும், அதனால் முடிந்தது. போர் அப்படியா?

நம் மாவட்டத்துப் பாறைப் பூமியைப் பற்றிச் சென்னையில் இருந்து திட்டம் எழுதுகிறவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 650 அடி ஆழத்தில் இருந்து மேலே கொண்டுவர, எந்த இழப்பும் இல்லை என்றால், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படும். இது இயற்பியல், யாராலும் குறைக்க முடியாது. நல்ல நீர்மூழ்கி மோட்டார் பொருத்தமான ஆழத்தில் ஓடினால் ஒன்றேகால் யூனிட்டில் முடிக்கும். காயில் கட்டிக் கட்டிப் பழசான மோட்டார், உள்ளே அழுக்குப் படிந்த குழாய் என்றால் இரண்டைத் தாண்டும். கம்பிரஸர் வைத்து இறைத்தால் நாலு, ஐந்து யூனிட்கூட ஆகும். காற்றை அழுத்தித் தண்ணீரைத் தூக்குவது அவ்வளவு வீணான வேலை. ஆனால் கம்பிரஸர் வைத்திருப்பவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஊற்று கொஞ்சமாக வரும் போரில் நீர்மூழ்கி மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் காயில் கருகும், சேறு வந்தால் அடைத்துக்கொள்ளும். கம்பிரஸரில் போருக்குள் குழாய் மட்டும்தான், கெட்டுப்போகிற சாமான் எல்லாம் மேலே இருக்கும். ரிப்பேர் என்றால் மோட்டாரை மேலே தூக்க வண்டி கூப்பிட வேண்டியதில்லை. கரண்ட் இலவசம், வண்டி வாடகை இலவசமில்லை. அவர் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் மாற்றிய மோட்டார்களைச் சரிபார்க்கப் போனேன். எந்தத் திட்டம், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். ஊரில் நாலைந்து போரை அளந்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே அளவு மோட்டார் இறக்கியிருந்தார்கள். அளந்தது ஐப்பசி மழைக்குப் பிறகு, நீர்மட்டம் மேலே இருந்த நேரம். நான் போனது சித்திரை. ஒரு பெரியவர் வீட்டில் புது மோட்டார் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது, போருக்குள் பழைய மோட்டார். "ஸ்டார் நெறைய இருக்குதுங்க, தண்ணிதான் மேல வரல" என்றார். மோட்டார் எவ்வளவு சிக்கனமானது என்று காட்டும் நட்சத்திரக் குறி, எந்த ஆழத்துக்கு, எந்த வோல்டேஜுக்குச் சோதித்தார்களோ அங்கேதான் செல்லும். கடைசி டிரான்ஸ்பார்மரில் 350 வோல்ட் வருகிற தோட்டத்தில் அந்தக் குறிக்கு அர்த்தம் பாதிதான். நான் எழுதியது என் குறிப்பில் இருந்தது. ஆனால் கடைசி அறிக்கையில் அந்தப் பெரியவரின் மோட்டாரும் மிச்சம் பிடித்த மோட்டார்களில் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது. கலிபோர்னியாவில் வருடக்கணக்கில் வாதாடிய அதே விஷயம், இங்கே ஒரு சாக்குக்கு அடியில்.

இன்னொரு கேள்வி உண்மையிலேயே தீராதது. நல்ல மோட்டார் கொடுத்தால் கரண்ட் மிச்சமாகுமா, இல்லை அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் இறைத்துவிடுவார்களா? டெல்டாவைப் போல மண் பாங்கான இடத்தில் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கம் பாறை இடுக்கில் ஊறுகிற அளவுதான் ஒரு நாளைக்குக் கிடைக்கும். மோட்டார் எவ்வளவு நல்லதானாலும் ஊற்று கூடாது. அதனால் இங்கே மிச்சம் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மிச்சமான தெம்பில் பக்கத்தில் 1,200 அடிக்கு இன்னொரு போர் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. ஆழம் கூடக் கூடக் கரண்ட் மட்டும் அல்ல, புளோரைடும் சேர்ந்து வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சட்டம் அமலுக்கு வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் தரக் கூடாது என்கிறது. ஆணையம் காலத்தை நீட்டிக்கலாம் என்ற வழியும் அதே பிரிவில் உண்டு. அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு, அரசு மானியம் கொடுக்க விரும்பினால் முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறது. ஆக, மீட்டர் வந்தால் இலவசம் போகும் என்று சட்டத்தில் இல்லை. பஞ்சாபில் 2018-இல் ஒரு முயற்சி தொடங்கினார்கள். மீட்டர் வைப்பார்கள், பில் வராது, ஒதுக்கிய அளவுக்குக் கீழே ஓட்டினால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் கொடுப்பார்கள். நல்ல யோசனை என்பது என் கருத்து. ஆனால் இன்றைக்கு இலவசம் என்று சொல்லி வைக்கிற மீட்டர் இன்னொரு அரசு வரும்போது என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டால், அதற்கு எந்தப் பொறியாளரும் உத்தரவாதம் தர முடியாது. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டணத்தை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மாநிலம் இது. அந்த நினைவு உள்ள ஊரில், ஒவ்வொரு தோட்டத்திலும் மீட்டர் என்று ஆரம்பிப்பது திட்டத்தைத் தொடங்கும் முன்பே கொல்வது. டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் வைத்து, அதில் உள்ள போர்களில் சிலவற்றைப் பருவத்துக்கு ஒருமுறை கையால் அளந்தால் ஆணையத்துக்குப் போதுமான சாட்சி கிடைக்கும். நான் கலந்துகொண்ட கூட்டங்களில் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

யாரும் திட்டம் கொண்டுவரக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியில் சரியான கெப்பாசிட்டர் போடுங்கள். பவர் பேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம், 0.7-இல் இருந்து 0.9-க்குப் போனால் கம்பியில் ஓடும் ஆம்பியர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், கம்பி சூட்டில் போகும் இழப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். உங்கள் டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோரும் சேர்ந்து போட்டால் வோல்டேஜும் கொஞ்சம் தூக்கும், காயில் ஆயுளும் கூடும். ஒருவர் மட்டும் போட்டால் பலன் ஊருக்குப் பங்காகிப் போய்விடும், அதனால்தான் யாரும் போடுவதில்லை.

புது மோட்டார் வாங்குவதாக இருந்தால் வேளாண் பொறியியல் துறையில் பழைய பம்ப்செட் மாற்ற மானியம் இருக்கிறதா என்று இந்த வருட நிலவரத்தை முதலில் கேளுங்கள். கடைக்காரர் சொல்கிற எச்.பி.யை வாங்கிவிட வேண்டாம். கோடையில் ஒரு நாள் மோட்டார் அரை மணி ஓடிய பிறகு நூல் விட்டு நீர்மட்டம் எத்தனை அடி என்று பாருங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது, எவ்வளவு நேரத்தில் தண்ணீர் அறுந்துபோகிறது, திரும்ப ஊற எத்தனை மணி ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வயர்மேனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மூன்று பேஸிலும் ஆம்பியர், வோல்டேஜ். இவ்வளவையும் இங்கே எழுதுங்கள், உங்களுக்கு 7.5 எச்.பி. வேண்டுமா, 5 போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.